மன்ரோவில் வழக்கறிஞரும் அயலான் பற்றிய கேள்வியும்

லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் இயேசுவைச் சோதிப்பதற்காக எழுந்து நிற்கிறவர் சட்டம் கற்றவர். கட்சிக்காரர்களுக்காக வாதாடிப் பிழைத்தவர் அல்லர். மோசேயின் சட்டத்தை எழுத்தெண்ணிப் படித்து, எது கடமை, எது விலக்கு என்று மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பில் இருந்தவர். நிலைவாழ்வு பெற என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இயேசு திருப்பிக் கேட்டதும், கடவுளை முழு உள்ளத்தோடு நேசிக்க வேண்டும், அயலானைத் தன்னைப் போல நேசிக்க வேண்டும் என்று பிழையில்லாமல் விடை சொல்கிறார். அதோடு அவர் அமர்ந்திருக்கலாம். ஆனால் சட்டம் படித்த மனம் அங்கே நிற்பதில்லை. ஒரு கடமை என்று வந்துவிட்டால் அது எதுவரை என்று தெரிந்தாக வேண்டும். அதனால்தான் தன் அயலான் யார் என்று அடுத்த கேள்வியைப் போடுகிறார். தன்னை நேர்மையாளராகக் காட்டிக்கொள்ளவே அப்படிக் கேட்டார் என்று லூக்கா எழுதிவிட்டதால் பிரசங்கங்களில் அவருக்கு நல்ல பெயர் கிடைப்பதில்லை. எனக்கு அவர்மேல் அத்தனை கோபம் வரவில்லை. குடும்பம் வைத்திருக்கிற எவருக்கும் எல்லை தேவைப்படுகிறது. நேரமும் பணமும் அளவோடு இருக்கையில் யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு, யாருக்கு இல்லை என்று முடிவு செய்யாமல் ஒருவரும் வாழ்ந்துவிட முடியாது. கேட்டதில் தவறில்லை, ஆனால் அந்த எல்லையை வரைகிற கை யாருடையது என்பதை அவர் கேட்கவில்லை. குடும்பத்துக்கும் ஊருக்கும் உழைத்து முடிகிற ஒரு வாழ்க்கை அறவாழ்க்கைதானா என்ற கேள்வியை இங்கிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். ஆம், அறவாழ்க்கைதான் என்பது என் விடை. ஆனால் ஊர் தன் ஆட்கள் என்று யாரை எண்ணுகிறதோ அவர்களோடு அந்த உழைப்பு நின்றுவிடுமானால், ஊரின் மதிப்பை இழக்கத் துணியாமலே கடைசிவரை நடக்குமானால், அயலானை நேசி என்ற கட்டளைக்கு அது இன்னும் கீழ்ப்படியத் தொடங்கவில்லை.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு மனிதரின் வாழ்க்கை வேண்டும். தீயவரின் வாழ்க்கை அதற்கு உதவாது. அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தில், மன்ரோவில் என்ற சிறு நகரில் வாழ்ந்த ஏ.சி. லீயை எடுத்துக்கொள்கிறேன். அவருடைய கடைசி மகள் ஹார்ப்பர் லீ 1960இல் வெளியிட்ட ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலில் ஒரு கறுப்பினத்தவருக்காக வாதாடும் வழக்கறிஞர் அட்டிகஸ் ஃபிஞ்ச் பெரிதும் தந்தையைப் பார்த்து வார்க்கப்பட்டவர். லீ 1880இல் பிறந்தவர். பள்ளி ஆசிரியராகவும் மரஅறுவை ஆலையில் கணக்கராகவும் இருந்துவிட்டு, ஒரு சட்ட அலுவலகத்தின் வேலையாக மன்ரோவில் வந்தார். சட்டக் கல்லூரிக்குப் போகாமல் தானாகவே படித்து 1915இல் வழக்கறிஞரானார். நிலப் பத்திரம், வில்லங்கம் பார்ப்பது, உயில், பாகப்பிரிவினை, கடன் கணக்கு என்று சிறு நகர வழக்கறிஞரிடம் வரக்கூடிய எல்லாம் அவரிடமும் வந்தன. பத்தாண்டுகளுக்கு மேல் மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். 1929 முதல் 1947 வரை உள்ளூர் வார இதழான ‘மன்ரோ ஜர்னல்’ அவர் கையில் இருந்தது. தலையங்கங்களை அவரே எழுதினார். மெதடிஸ்ட் திருச்சபையின் நிர்வாகிகளில் ஒருவர். நோய்வாய்ப்பட்ட மனைவியை நெடுங்காலம் பொறுமையோடு பார்த்துக்கொண்டார். நான்கு பிள்ளைகள். மூத்த மகள் ஆலிஸைச் சட்டம் படிக்கவைத்து, ஒரு பெண் நீதிமன்றம் ஏறுவது அரிதாக இருந்த 1940களில் தன் அலுவலகத்திலேயே சேர்த்துக்கொண்டார். 1951 கோடையில் சில வார இடைவெளியில் மனைவியையும் ஒரே மகனையும் பறிகொடுத்த பிறகும் அலுவலகத்துக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. இப்படி ஒருவர் நம் தெருவில் இருந்தால் பிள்ளைகளிடம் அவரைக் காட்டி, இவரைப் போல இரு என்று சொல்வோம்.

அதே வாழ்க்கையில் இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. தொழிலுக்கு வந்த சில ஆண்டுகளில், 1919இல், ஒரு வெள்ளை வியாபாரியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு கறுப்பினத்தவருக்காக வாதாடும் பொறுப்பு லீயிடம் தரப்பட்டது. தந்தையும் மகனுமான அவர்கள் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். அதற்குப் பிறகு அவர் குற்றவியல் வழக்கு எதையும் எடுக்கவில்லை என்று அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதுகிறார்கள். அந்த முடிவில் வலி இருந்திருக்கும் என்றே நம்புகிறேன். ஆனால் அதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். குற்றவியல் வழக்கைக் கைவிடுவது என்றால், அந்த மாவட்டத்தில் மக்கள்தொகையின் ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சட்டம் மிகக் கொடுமையாகக் குறுக்கிடும் இடத்திலிருந்து ஒரு திறமையான வழக்கறிஞர் விலகிப் போகிறார் என்று பொருள். இரண்டாவது நிகழ்ச்சி 1950களின் தொடக்கத்தில் நடந்தது. மன்ரோவில் மெதடிஸ்ட் ஆலயத்துக்கு வந்திருந்த ரே வாட்லி என்ற இளம் போதகர், இனங்களுக்கிடையே நீதி வேண்டும் என்று பிரசங்கித்தார். சமூகநீதியை விட்டுவிட்டு நற்செய்திக்குத் திரும்புங்கள் என்ற பொருளில் லீ அவரைக் கண்டித்ததாக வாழ்க்கை வரலாற்றாசிரியர் சார்லஸ் ஷீல்ட்ஸ் பதிவு செய்கிறார். சிறிது காலத்தில் வாட்லி மாண்ட்கமரி நகருக்கு மாற்றப்பட்டார். அங்கே மனித உறவுகளுக்கான அலபாமா மன்றத்தின் உள்ளூர்க் கிளைக்கு அவர் தலைவரானபோது, துணைத்தலைவராக இருந்தவர் மார்ட்டின் லூதர் கிங். லீ கொடியவராக இருந்து இதையெல்லாம் செய்யவில்லை. கும்பலாகச் சேர்ந்து கறுப்பினத்தவரை அடித்துக் கொல்லும் வழக்கத்தை அவர் தம் இதழில் கண்டித்தார். அதே வேளையில், அதைத் தடுக்க மத்திய அரசு சட்டம் கொண்டுவருவதை எதிர்த்தார். ஊர் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும், வெளியார் கை வைக்க வேண்டாம் என்பது அவருடைய நிலை. ஊர்மீது வைத்த உண்மையான பற்றிலிருந்துதான் அது வந்தது. அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

நெருங்கியவர்களை முதலில் பேணு என்பதற்குக் கிறித்தவ மரபில் வலுவான ஆதாரம் உண்டு. அதை மறைத்துவிட்டு வாதாட எனக்கு விருப்பமில்லை. தன் வீட்டாரைக் கவனிக்காதவன் நம்பிக்கையில்லாதவனைக் காட்டிலும் கீழானவன் என்று திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதம் கடுமையாகச் சொல்கிறது. அகுஸ்தீன் இன்னும் நுட்பமாகப் பேசுகிறார். எல்லா மனிதரையும் ஒரே அளவில் நேசிக்க வேண்டும், ஆனால் எல்லோருக்கும் நன்மை செய்வது இயலாது, ஆகவே காலமும் இடமும் சூழலும் யாரை உன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தனவோ அவர்களை முதலில் கவனி என்பது அவருடைய தெளிவு. அதைச் சீட்டுக் குலுக்கலுக்கு ஒப்பாக அவர் விளக்குவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதாவது பக்கத்தில் இருப்பவர் அந்தக் கவனிப்புக்குத் தகுதியால் உரியவராகவில்லை. தற்செயலாக அங்கே இருக்கிறார், அவ்வளவுதான். இந்த அளவுகோலை மன்ரோவிலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். அந்த நகரின் கறுப்பினத்தவர் தொலைநாட்டில் வாழவில்லை. நீதிமன்றச் சதுக்கத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தார்கள். வெள்ளையர் வீடுகளில் சமைத்தார்கள், பிள்ளை வளர்த்தார்கள், வயலில் பருத்தி எடுத்தார்கள். காலமும் இடமும் சூழலும் அவர்களைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்திருந்தன. ஆனால் 1901ஆம் ஆண்டு அலபாமா அரசமைப்பு, தேர்தல் வரி, எழுத்தறிவுச் சோதனை ஆகியவற்றின் வழியாக அவர்களை ஏறத்தாழ முழுமையாக வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தது. ஜூரியில் அவர்களுக்கு இடமில்லை. லீ சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டபோது அவருக்கு வாக்களித்தவர்கள், அவர் வாதாடியபோது ஜூரியில் உட்கார்ந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை அவரோடு ஒரே ஆலயத்தில் பாடியவர்கள் எல்லோரும் வெள்ளையர். அவர் உழைத்த ‘ஊர்’ என்பது நிலப்படத்தில் உள்ள மன்ரோவில் அல்ல. அதற்குள் சட்டத்தால் வெட்டியெடுக்கப்பட்ட ஒரு துண்டு. எனவே அருகிலிருப்பவரை நேசி என்ற மரபைக் காட்டி அவரைக் காப்பாற்ற முடியாது. அந்த மரபின்படி பார்த்தாலே கணக்கில் பாதி விடுபட்டிருக்கிறது.

இத்தனை நேர்மையான ஒருவருக்கு இது ஏன் தென்படவில்லை? கல்நெஞ்சம் என்ற விளக்கம் இங்கே பொருந்தாது. சிறு நகர வழக்கறிஞரின் நன்மை எதன்மேல் நிற்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும் என்று தோன்றுகிறது. அவருக்கு மூலதனம் ஊரின் மதிப்புத்தான். பெருநகரில் ஒரு கட்சிக்காரர் போனால் இன்னொருவர் வருவார். சிறு நகரில் ஒரு குடும்பம் முறைத்துக்கொண்டால் அதன் சம்பந்திகளும் பங்காளிகளும் சேர்ந்து முறைப்பார்கள். தேர்தலில் அது தெரியும், இதழின் சந்தாவில் தெரியும், ஆலயத்தில் பக்கத்து இருக்கையில் தெரியும். அந்த மதிப்பு கையில் இருக்கும்வரை அவர் நிறைய நன்மை செய்ய முடியும். சகோதரர் சண்டையைத் தீர்த்துவைக்கலாம், விதவைக்குக் கட்டணம் வாங்காமல் பத்திரம் எழுதலாம், குடிகாரரைக் கண்டிக்கலாம். இவற்றில் எதுவும் போலியில்லை. ஆனால் இப்படிச் செய்யும் ஒவ்வொரு நன்மையும் மதிப்பாக அவரிடமே திரும்பி வருகிறது. தன்னை நேசிக்கிறவர்களை நேசிப்பதில் என்ன கைம்மாறு, வரி தண்டுவோரும் அதைச் செய்கிறார்களே என்று மலைப்பொழிவில் இயேசு கேட்பது இதைத்தான். நேசம் இப்படித் தடையில்லாமல் திரும்பி வந்துகொண்டே இருக்கும்போது, அது போய்ச் சேராத இடம் ஒன்று இருப்பதே நேசிப்பவருக்குத் தெரியாமல் போகிறது. அந்த இடத்திலிருந்து மதிப்பு வராது. அங்கே நல்லது செய்தால் இருக்கிற மதிப்பும் போகும்.

எவ்வளவு போகும் என்பதற்கு அதே மாநிலத்தில், அதே தலைமுறையில் ஒரு சான்று இருக்கிறது. 1931இல் ஸ்காட்ஸ்பரோ என்ற ஊரில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள், சிலர் சிறுவர்கள், சரக்கு ரயிலில் இரண்டு வெள்ளைப் பெண்களைக் கெடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் முதல் தீர்ப்புகளை 1932இல் ரத்து செய்த பிறகு, 1933இல் டெகேட்டர் நகரில் மறுவிசாரணை நடந்தது. அதை நடத்திய நீதிபதி ஜேம்ஸ் எட்வின் ஹார்ட்டன், ஏதென்ஸ் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர்; 1878இல் பிறந்தவர். லீயைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். முதலில் விசாரிக்கப்பட்ட ஹேவுட் பாட்டர்சனுக்கு ஜூரி மரணதண்டனை அளித்தது. ஆனால் மருத்துவச் சான்று குற்றச்சாட்டோடு ஒத்துப்போகவில்லை. அந்தப் பெண்களைப் பரிசோதித்த மருத்துவர்களில் ஒருவர் விசாரணையின் நடுவே தன்னைத் தனியே சந்தித்து, அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றே தான் நம்புவதாகவும், அதைக் கூண்டில் ஏறிச் சொன்னால் ஊருக்குத் திரும்பிப்போய் மருத்துவம் பார்க்க முடியாது என்றும் சொன்னதாக ஹார்ட்டன் பின்னாளில் தெரிவித்தார். அந்த மருத்துவர் அதை மறுத்தார். மருத்துவர் சொன்னதாகக் கூறப்படும் அந்தக் காரணம் எந்தச் சிறு நகரத் தொழில்காரருக்கும் புரியக்கூடியது. ஹார்ட்டனுக்கும் புரிந்திருக்கும், ஏனென்றால் அவரும் ஊரின் வாக்கை நம்பியிருந்தவர். அலபாமாவில் நீதிபதிகள் தேர்தலில் வென்று வருகிறவர்கள். 1933 ஜூனில் அவர் ஜூரியின் தீர்ப்பை ரத்து செய்து, சான்றுகளை ஒவ்வொன்றாக அலசி, மீண்டும் புது விசாரணைக்கு உத்தரவிட்டார். வழக்கு அவர் கையிலிருந்து போயிற்று. அடுத்த ஆண்டு தேர்தலில் தோற்றார். மீண்டும் நீதிபதி ஆகவில்லை. பாட்டர்சனும் அதனால் விடுதலையாகிவிடவில்லை. இன்னொரு நீதிபதியிடம் இன்னொரு ஜூரி அவரை மீண்டும் குற்றவாளி என்றது. ஹார்ட்டன் கொடுத்த விலைக்குக் கைமேல் பலன் எதுவும் வரவில்லை. அப்படியிருந்தும் அந்த ஜூன் மாதத்தில் பாட்டர்சனுக்கு ஒரு அயலான் கிடைத்தார் என்றே சொல்வேன்.

ஒரு காலத்து மனிதரை இன்னொரு காலத்து அளவுகோலால் அளப்பது நியாயமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நான் கையில் எடுத்திருக்கும் அளவுகோல்கள் எல்லாம் அவர் காலத்தவை, அவர் மாநிலத்தவை. ஹார்ட்டன் அவருடைய தலைமுறை. வாட்லி அவருடைய சபையின் போதகர். அவர் முன் நின்று, அவர் கையில் இருந்த அதே விவிலியத்திலிருந்து பேசியவர். லீ வாழ்ந்த காலத்துக்கு அந்தச் செய்தி தெரியாமல் இல்லை. அது அவரிடம் வந்து பேசியது; அவர் அதை அனுப்பிவைத்தார். இதைச் சொல்லும்போது எனக்கு அவர்மேல் மேட்டிமை உணர்வு எதுவும் இல்லை. அவரிடத்தில் இருந்தால் பெரும்பாலோர் வாட்லிக்குக் கைகூடக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இதைவிட வலுவான மறுப்பு வேறு. ஊரை மாற்ற வேண்டுமானால் ஊரில் இருக்க வேண்டும். ஒரே நாளில் எல்லோரையும் பகைத்துக்கொண்டு வெளியே தள்ளப்பட்டவரால் யாருக்கு என்ன பயன்? லீ போன்றவர்கள் மெல்ல மெல்லத்தான் மாற்றியிருக்க முடியும், வெளியூர்க்காரர் வந்து முழங்கிவிட்டுப் போய்விடுவார், விளைவை அனுபவிப்பவர்கள் உள்ளூர்க் கறுப்பினத்தவர்தான் என்பார்கள். சட்டப் பேராசிரியர் மன்ரோ ஃப்ரீட்மன் 1992இல், அட்டிகஸ் ஃபிஞ்ச் நீதிமன்றம் நியமித்ததால் வாதாடினாரே ஒழிய, தன்னைச் சுற்றி இருந்த அநீதியை மாற்றத் தானாக எதையும் செய்யவில்லை என்று எழுதியபோது வழக்கறிஞர்கள் பலர் கொதித்தெழுந்து இந்த மறுப்பைத்தான் முன்வைத்தார்கள். இதில் உண்மை இருக்கிறது. மதிப்பு என்பது சேர்த்துவைக்கத் தக்கது. அது இல்லாதவர் சொல் அம்பலம் ஏறாது. ஆனால் சேர்த்துவைத்த மதிப்பு எப்போதாவது செலவானதா என்று கேட்க வேண்டும். செலவழிக்கவே படாமல் ஒருவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த மதிப்பை, மாற்றத்துக்கான முதலீடு என்று அழைக்க முடியாது. ஊர் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு மன்ரோவிலே ஒரு விடை தந்திருக்கிறது. லீ இறந்து கால் நூற்றாண்டு கழித்து, 1987இல், அந்த மாவட்டத்தில் வால்ட்டர் மக்மில்லியன் என்ற கறுப்பினத்தவர் ஒரு கொலைக் குற்றத்தில் கைது செய்யப்பட்டார். கொலை நடந்த நேரத்தில் அவர் தன் வீட்டில் ஆலய நிதிக்காக மீன் பொரித்து விற்ற கூட்டத்தில் இருந்தார் என்று சொல்லப் பலர் இருந்தார்கள், அவர்கள் கறுப்பினத்தவர். விசாரணை பக்கத்து மாவட்டம் ஒன்றுக்கு மாற்றப்பட்டு ஒன்றரை நாளில் முடிந்தது. ஆயுள்தண்டனை போதும் என்று ஜூரி சொன்னதையும் மீறி நீதிபதி மரணதண்டனை விதித்தார். மாண்ட்கமரியிலிருந்து வந்த பிரையன் ஸ்டீவன்சன் என்ற இளம் வழக்கறிஞர்தான் பொய்ச் சான்றுகளை உடைத்து 1993இல் அவரை வெளியே கொண்டுவந்தார். மக்மில்லியன் மரணதண்டனைக் கொட்டடியில் இருந்த அந்த ஆண்டுகளில்தான், மன்ரோவில் பழைய நீதிமன்றக் கட்டடத்தில் ஹார்ப்பர் லீயின் கதையை நாடகமாக நடிக்கும் வழக்கமும் தொடங்கியது. ஊரார் அந்தக் கதையை மனமார நேசித்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. கதையில் வரும் கறுப்பினத்தவருக்காக அழுவதற்கு ஊரின் மதிப்பு எதையும் இழக்க வேண்டியதில்லை.

லீ வாட்லியிடம் சொன்னது ஒரு சமய வாதம் என்பதையும் மதித்து விடை சொல்ல வேண்டும். திருச்சபையின் வேலை ஆன்ம மீட்பு; சமூகத்தைச் சீராக்குவது அரசின் வேலை; இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும் என்ற இந்த எண்ணம் அவருக்கு மட்டும் உரியதில்லை, தென்மாநிலச் சபைகளின் நீண்ட மரபு அது. ஆனால் லூக்காவின் பத்தாம் அதிகாரம் இந்த இடத்தில் வளைந்துகொடுப்பதில்லை. சட்ட அறிஞர் கேட்டதே நிலைவாழ்வைப் பற்றித்தான். ஆன்ம மீட்பைப் பற்றிய கேள்விக்கு இயேசு சொன்ன விடையில் எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் சாலை இருக்கிறது, கள்வரால் அடிபட்டுக் குற்றுயிராகக் கிடக்கும் ஒருவன் இருக்கிறான், எண்ணெய், திராட்சை மது, சாவடி, இரண்டு தெனாரியம் இருக்கின்றன. ஆன்மாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விலகிப்போகிற இருவரும், குருவும் லேவியரும், கோயில் பணிக்குரிய குலத்தவர். அடிபட்டவனிடம் நிற்கிறவன், கேட்டவருடைய இனத்தார் வெறுத்த சமாரியன். கதை முடிந்ததும் இயேசு கேள்வியைத் திருப்பிப் போடுகிறார்: அடிபட்டவனுக்கு அயலானாக இருந்தவர் இந்த மூவரில் யார்? சட்ட அறிஞர் தன்னை நடுவில் வைத்து, தன்னைச் சுற்றி எல்லை வரையக் கேட்டார். இயேசு அடிபட்டவனை நடுவில் வைத்து, அவனிடமிருந்து அளக்கச் சொல்கிறார். எல்லையை வரைகிற கை இங்கே மாறிவிடுகிறது. மன்ரோவில் ஆலயத்தில் வாட்லி செய்ததும் இதையே. அதை நற்செய்திக்கு வெளியே உள்ள ஒன்றாக லீ கருதியது, சபை நிர்வாகியாக இருந்த அவர் செய்த மிகப் பெரிய பிழை என்று நினைக்கிறேன்.

இப்படி அளந்தால் குடும்பமும் ஊரும் கரைந்துபோகும், மனிதகுலத்தை நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு சொந்தப் பிள்ளையைத் தெருவில் விடுகிறவர்கள்தான் மிஞ்சுவார்கள் என்ற அச்சமும் இருக்கிறது. டிக்கன்ஸ் ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில் திருமதி ஜெலிபி என்ற பாத்திரத்தைப் படைத்ததே இதற்காகத்தான். ஆப்பிரிக்காவில் ஒரு குடியேற்றத்துக்காக இரவுபகலாகக் கடிதம் எழுதும் அவருடைய பிள்ளைகள் அழுக்கோடும் பசியோடும் படிக்கட்டில் உருள்வார்கள். தொலைவில் உள்ளவரை நேசிப்பது எளிது, அவர் திரும்பிப் பேசமாட்டார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சமாரியன் மனிதகுலத்தை நேசிக்கவில்லை. பயணம் போகும் வழியில் ஒரு மனிதனைக் கண்டான். காயத்தைக் கட்டினான், தன் விலங்கின்மேல் ஏற்றினான், சாவடியில் ஒரு இரவு பார்த்துக்கொண்டான். மறுநாள் பணத்தைக் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனான். இந்த விவரம் போதிய அளவு கவனிக்கப்படுவதில்லை. அவனுக்கும் போகவேண்டிய இடம் இருந்தது. ஒருவேளை காத்திருக்கும் வீடும் இருந்திருக்கும். கதை அதை விடச் சொல்லவில்லை. கடமைக்கு அளவு அங்கேயும் இருக்கிறது: இரண்டு தெனாரியம், ஓர் இரவு, ஒரு வாக்குறுதி. எல்லோரையும் எப்போதும் காப்பாற்று என்று யாரும் கேட்கவில்லை. ஆகவே சிறு நகர வழக்கறிஞர் தன் நேரத்தில் பெரும்பங்கைக் குடும்பத்துக்கும் பத்திரங்களுக்கும் ஆலயக் கணக்குக்கும் கொடுப்பதில் குறை காண்பதற்கில்லை. வழியில் கிடப்பவரின் முறையீடு வரும்போது, இவர் நம்மவர் பட்டியலில் இருக்கிறாரா என்று பார்த்துத் தள்ளும் உரிமையை மட்டும் அவர் விட்டுக்கொடுக்க வேண்டும்.

லீயின் கதை வாட்லியைக் கண்டித்ததோடு முடியவில்லை. அரசுப் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்ததும் தென்மாநிலங்களில் அதை எதிர்க்கும் வெள்ளையர் மன்றங்கள் முளைத்தன. 1950களின் நடுவில் எழுதப்பட்டு 2015இல் வெளியான ‘கோ செட் எ வாட்ச்மன்’ நாவலில் முதிய அட்டிகஸ் அப்படியொரு கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு மகள் உடைந்துபோகிறாள். வாசகர்களும் உடைந்துபோனார்கள். ஆனால் உண்மையான தந்தை, எண்பது வயதை நெருங்கும்போது, கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்கு ஆதரவாக மாறியிருந்தார் என்று ஷீல்ட்ஸ் எழுதுகிறார். 1962 ஏப்ரலில் அவர் இறந்தார். எந்த வாதம் அவரை மாற்றியது என்பது பதிவாகவில்லை. காலம் கடந்த மாற்றம் என்று அதை ஒதுக்க மாட்டேன். அந்த வயதில் கருத்தை மாற்றிக்கொள்வதற்கு, ஒரு வாழ்நாள் முழுக்கத் தன்னை மதித்தவர்களோடு முரண்படத் துணிய வேண்டும். அவர் சேர்த்துவைத்ததில் கொஞ்சமாவது அங்கே செலவாயிற்று.

அதிகம் செலவழித்தவர் மூத்த மகள் ஆலிஸ். தந்தையின் அலுவலகம், தந்தையின் ஆலயம், தந்தையின் ஊர் எதையும் அவர் விடவில்லை. நூறு வயது வரை அதே நகரில் சட்டத் தொழில் செய்து, 2014இல் 103ஆம் வயதில் இறந்தார். 1960களில் அலபாமாவின் தென்பகுதி மெதடிஸ்ட் சபைகளின் மாநாட்டில் இனப்பிரிவினையைப் பற்றிய அறிக்கை ஒன்று வந்தது. எதிர்ப்பாளர்கள் பேசிப் பேசியே அதைக் கவிழ்க்கத் தயாராக இருந்தார்கள். அவர்கள் ஒலிபெருக்கியை அடையும் முன் ஆலிஸ் அங்கே போய், விவாதத்தை முடித்து உடனே வாக்கெடுக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார், அது நிறைவேறியது. எதிர் வரிசையில் இருந்தவர்களில் பலர் அவருக்குப் பல ஆண்டுப் பழக்கம் உள்ளவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அவை நடைமுறை விதிகளைத் துல்லியமாகத் தெரிந்த ஒருவர், அவையில் தனக்கு மதிப்பு உண்டு என்று அறிந்த ஒருவர் மட்டுமே அதைச் செய்திருக்க முடியும். அந்தத் துல்லியமும் அந்த மதிப்பும் அவருக்குத் தந்தையின் அலுவலகத்தில் பத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து கிடைத்தவை.